சிறு படகிலும் கட்டுமரத்திலும் மீன் காட்டும் கருவி பொருத்தும் முறை

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி, அனந்தபுரம், திண்டிவனம் பகுதிகள் மணிலாவுக்கும் நெல்லுக்கும் பெயர் பெற்றவை. அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோட்டக்குப்பம் தொடங்கி பொம்மையார்பாளையம், அனுமந்தை, கூனிமேடு, எக்கியார்குப்பம் என்று மரக்காணம் வரை கடலோரக் குப்பங்கள் வரிசையாக உள்ளன. நிலமும் நீரும் அடுத்தடுத்து இருப்பதால், சிறிது புன்செய் நிலமும் படகில் ஒரு பங்கும் சேர்த்து வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இக்கரையில் உண்டு. உள்நாட்டில் ஏரி மீனைக் குத்தகைக்கு எடுக்கும் விவசாயிகளும் இருக்கிறார்கள். இவ்விரு சாராருக்கும் பயன்படக்கூடிய ஒரு கருவியைப் பற்றி இக்கட்டுரையில் விளக்குவோம்.

அது 'பிஷ் பைண்டர்' எனப்படும் மீன் காட்டும் கருவி. முன்பு பெரிய விசைப்படகுகளில் மட்டுமே காணப்பட்ட இக்கருவி, இன்று கையகலத் திரையும் சிறு மின்கலமுமாகச் சுருங்கி, ஓர் ஆள் செல்லும் கட்டுமரத்தில்கூடப் பொருத்தும் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் கருவியை வாங்குவது எளிது. அதைச் சரியாகப் பொருத்துவதில்தான் பலர் தவறி விடுகின்றனர். சரியாகப் பொருத்தப்படாத கருவி பொய் சொல்லும். அதை நம்பி வலை விரிப்பவருக்கு டீசலும் பொழுதும் வீண். ஆகவே, பணம் செலவழிக்கும் முன் இதன் இயல்பைத் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

கருவி வேலை செய்யும் விதம்

நம் கடலோர மக்கள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் விட்டு, அடி தட்டியதும் கயிற்றைப் பாகக் கணக்கில் அளந்து ஆழம் சொல்வது வழக்கம். குண்டின் அடியில் ஒட்டிவரும் மண்ணைப் பார்த்து, கீழே சேறா, மணலா, பாரா என்றும் அறிவார்கள். மீன் காட்டும் கருவி செய்வதும் இதே வேலைதான். கயிற்றுக்குப் பதிலாக ஒலியைப் பயன்படுத்துகிறது.

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறது அல்லவா? அதுபோல, இக்கருவியின் ஓர் உறுப்பு நீருக்குள் நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்புகிறது. அது கடலடியில் பட்டுத் திரும்பி வருகிறது. கடல்நீரில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். அடி 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால், ஒலி போகவும் வரவும் 60 மீட்டர் கடக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் 25-இல் ஒரு பங்கு. இந்த நேரத்தை அளந்து, பாதியாக்கி, கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது.

ஒலியை அனுப்பி வாங்கும் இந்த உறுப்பை 'ட்ரான்ஸ்டூசர்' என்பார்கள். இக்கட்டுரையில் அதனை ஒலியுறுப்பு என்றே குறிப்பிடுவோம். திரை கருவியின் கண் என்றால், ஒலியுறுப்பே அதன் செவியும் வாயும்.

மீனைக் காட்டுவது எப்படி? பெரும்பாலான மீன்களின் வயிற்றில் காற்று நிறைந்த பை ஒன்று உண்டு. நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலி பலமாகத் திரும்பும். எனவே, மீனின் சதையைவிட அதன் காற்றுப்பையே கருவிக்கு நன்றாகத் தெரிகிறது. சுறா, திருக்கை, வஞ்சிரம் ஆகியவற்றுக்குக் காற்றுப்பை இல்லை. ஆகையால் அவை மங்கலாகவே தெரியும். திரையில் ஒன்றும் இல்லை என்பதால் வஞ்சிரம் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

முதல் உலகப்போர்க் காலத்தில் பிரான்சு நாட்டு அறிஞர் பால் லாஞ்செவான், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய ஒலியைப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார். ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த புருனோ சகோதரர்கள் 1948-ஆம் ஆண்டில் மீன்பிடிப்புக்கென்றே இதனைக் கருவியாக்கி வெளியிட்டனர். போர்க்கருவியாகத் தொடங்கியது, மீனவர் கைக்கு வந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

கயாக்கும் கட்டுமரமும்

வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் சட்டத்தின் மேல் தோலைப் போர்த்திக் கட்டிய ஒற்றையாள் வேட்டைப் படகே கயாக். இன்று அது பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு, மேலை நாடுகளில் கடல் தூண்டிலுக்குப் பெரிதும் பயன்படுகிறது. அதில் கருவி பொருத்துவோர் சந்திக்கும் சிக்கல்கள் நம் கட்டுமரத்தின் சிக்கல்களே: இடம் குறைவு, மின்சாரம் இல்லை, எல்லாம் நனையும், கரையேறும்போது அலையில் அடிபடும். ஆகவே, அவர்கள் கையாளும் முறைகளில் நமக்கு ஏற்றவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பிறகு, நம் கரையில் கட்டுமரங்கள் குறைந்து, கண்ணாடி இழையால் ஆன பைபர் படகுகள் பெருகின. ஆயினும் பெரும்பாலான குப்பங்களில் படகு மணற்கரையிலேயே ஏற்றி இறக்கப்படுகிறது. துறைமுகத்தில் நிற்கும் படகுக்கு எழுதப்பட்ட செய்முறைக் குறிப்பு இங்கு அப்படியே பொருந்தாது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எந்த உறுப்பும் முதல் நாளே மணலில் உராய்ந்து பெயர்ந்துவிடும். இதை மனத்தில் கொண்டே மேலே படிக்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. அலைவரிசை: இக்கருவிகளில் 50 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரண்டும் பரவலாக உள்ளன. 50 ஆழ்கடலுக்கு ஏற்றது. அகலமாகப் பார்க்கும், ஆனால் நுணுக்கம் குறைவு. 200 ஆழம் குறைந்த கரைக்கடலுக்கு ஏற்றது. குறுகலாகப் பார்த்தாலும் தெளிவாகக் காட்டும். கரையோரத்தில் தொழில் செய்யும் சிறு படகுக்கு 200 போதும்.

2. பார்வையின் அகலம்: ஒலி, டார்ச் விளக்கின் ஒளிபோல விரிந்துகொண்டே கீழே செல்கிறது. 20 பாகை விரிவுள்ள ஒலியுறுப்பு, 20 மீட்டர் ஆழத்தில் 7 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தையே பார்க்கும். அதாவது ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. 45 பாகை விரிவுள்ளது, அதே ஆழத்தில் 16 மீட்டருக்கு மேல் பார்க்கும். படகைச் சுற்றியுள்ள கடல் முழுவதையும் கருவி பார்ப்பதாக எண்ணக் கூடாது.

3. திரை: நண்பகல் வெயிலில் எழுத்துத் தெரிகிறதா என்று கடைக்கு வெளியே கொண்டுவந்து பார்த்து வாங்கவும்.

4. நீர் புகாத் தன்மை: கருவி நனைந்தாலும் கெடாத வகையாக இருத்தல் வேண்டும். மின் இணைப்பு முனைகளுக்கும் மூடி இருக்க வேண்டும்.

5. இடம் குறிக்கும் வசதி: செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் ஜி.பி.எஸ். சேர்ந்த கருவியானால், கண்ட பாரைக் குறித்து வைத்து மறுநாளும் அங்கேயே செல்லலாம். சிறு தொழிலுக்கு, படம் காட்டும் திறனைவிட இவ்வசதியே அதிகப் பயன் தரும்.

ஒலியுறுப்பைப் பொருத்துதல்

கருவி பொருத்துவதில் முக்கால் பங்கு வேலை இதுதான். இங்கு மூன்று விதிகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, ஒலியுறுப்பின் முகம் நேர் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இரண்டாவது, அதற்கும் நீருக்கும் இடையே காற்று இருக்கக் கூடாது. மூன்றாவது, காற்றாடி கிளப்பும் நுரைக் குமிழிகள் அதன் கீழே ஓடக் கூடாது. காற்று ஒலியை மறித்துவிடும் என்பதே இம்மூன்றில் பின்னிரண்டுக்கும் காரணம்.

(அ) கட்டுமரத்தில்

மரத்தின் ஊடே ஒலி சரியாகச் செல்லாது. எனவே, உள்ளே ஒட்டும் முறை கட்டுமரத்துக்குப் பயன்படாது. பக்கவாட்டில் ஒரு கை கட்டித் தொங்கவிடும் முறையே சிறந்தது.

ஒன்றரை அங்குலப் பிளாஸ்டிக் குழாய் அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை எடுத்து, அதன் கீழ்முனையில் ஒலியுறுப்பை முடுக்கவும். மேல்முனையை, துடுப்புப் போடாத பக்கத்தில், ஒரே ஆணியில் சுழலும்படி பொருத்தவும். குழாயை நேராக இறக்கும்போது, ஒலியுறுப்பின் முகம் கட்டையின் அடிமட்டத்துக்குக் கீழே நான்கு விரற்கிடை இருக்க வேண்டும். முன்புறம் ஒரு கயிறு கட்டி, குழாய் பின்னால் சாயாமல் இழுத்து நிறுத்தவும். இந்தக் கயிறு மெல்லியதாக இருக்கட்டும். வலையோ மிதக்கும் கட்டையோ மோதினால், கயிறு அறுந்து குழாய் பின்னால் மடங்க வேண்டுமே தவிர, ஒலியுறுப்பு உடையக் கூடாது.

கரை நெருங்கி, அலை உடையும் இடத்துக்கு முன்பே குழாயைத் தூக்கி மேலே கட்டிவிட வேண்டும். இதை ஒரு நாளும் மறவாத பழக்கமாக்கிக்கொள்ளவும்.

(ஆ) பைபர் படகின் உட்புறத்தில்

ஒற்றை அடுக்குக் கண்ணாடி இழையின் ஊடே ஒலி செல்லும். ஆகவே, ஒலியுறுப்பைப் படகின் உள்ளே, அடித்தளத்தின் மேல் ஒட்டிவிடலாம். வெளியே எதுவும் நீட்டாது என்பதால், மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு இதுவே மிகப் பொருத்தம். ஆனால் அடித்தளம் இரட்டை அடுக்காக இருந்து நடுவே நுரையோ தெர்மோகோலோ வைத்திருந்தால் இம்முறை பலிக்காது. அதில் உள்ள காற்று ஒலியைத் தடுத்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். படகை நீரில் இறக்கி, முதலில் ஒலியுறுப்பை வெளியே கையால் பிடித்து ஆழத்தைக் குறித்துக்கொள்ளவும். பிறகு, படகினுள் தேர்ந்தெடுத்த இடத்தில் ஒரு விரற்கிடை நீர் தேங்கச் செய்து, அந்நீரில் ஒலியுறுப்பை அழுத்திப் பிடிக்கவும். அதே ஆழம் காட்டினால் இடம் நல்லது. அடி மங்கலாகவோ விட்டு விட்டோ தெரிந்தால், வேறு இடத்தைப் பார்க்கவும். பின்பகுதியில், நடுவிட்டத்துக்கு அருகே, படகு ஓடும்போதும் நீரில் அமிழ்ந்தே இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுத்தல் நல்லது.

இடம் முடிவானதும் படகைக் கரையேற்றி உலர்த்தவும். உப்புத்தாள் கொண்டு உள்தளத்தைத் தேய்த்துச் சமப்படுத்தித் துடைக்கவும். மெதுவாக இறுகும் எப்பாக்சிப் பசையைக் குமிழி எழாதபடி மெல்லக் கலக்கி, தளத்தில் ஊற்றவும். ஒலியுறுப்பை ஒரு பக்கம் சாய்த்து வைத்து, மெல்லத் திருகி அழுத்தி, அடியில் அகப்பட்ட காற்றை வெளியேற்றவும். பிறகு ஓர் இரவு முழுவதும் அசையாமல் விடவும். பசையில் ஒரு குமிழி தங்கினாலும் பார்வை குறையும்.

இம்முறையில் இரு குறைகள் உண்டு. ஒலியின் வலு சிறிது குறையும். ஒலியுறுப்பில் வெப்பமானி இருந்தால், அது கடல்நீரின் வெப்பத்தைக் காட்டாமல் படகின் வெப்பத்தையே காட்டும். கரைக்கடல் தொழிலுக்கு இவை பெரிய குறைகள் அல்ல.

(இ) கயாக் படகில்

பிளாஸ்டிக் கயாக்கிலும் உட்புறம் வைக்கும் முறையே சுலபம். ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கில் எப்பாக்சி நன்றாகப் பிடிக்காது. எனவே, பஞ்சுபோன்ற ரப்பர் அட்டையை வளையமாக வெட்டித் தளத்தில் ஒட்டி, அக்குழியில் சிறிது நீரோ வாசலினோ இட்டு, அதில் ஒலியுறுப்பை அமர்த்தலாம். நீர் வடிவதற்கென உள்ள துளையின் அடியில் ஒலியுறுப்பைப் பதிக்கும் வகைக் கயாக்குகளும் உள்ளன.

நீள்வால் எஞ்சின் பொருத்திய பைபர் படகில், காற்றாடி பின்னால் வெகுதூரம் தள்ளிச் சுழல்கிறது. ஆகவே, அதன் நுரை ஒலியுறுப்பை எட்டுவதில்லை. பின்பலகையிலேயே எஞ்சின் மாட்டிய படகில் மட்டும், காற்றாடிக்கு முன்னால் இருக்கும்படி ஒலியுறுப்பை வைக்க வேண்டும்.

மின்கலமும் இணைப்பும்

சிறு கருவிகள் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்குகின்றன. எஞ்சினின் மின்கலத்திலிருந்து இணைப்பு எடுத்தால், எஞ்சினின் மின் இரைச்சல் திரையில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தெரியும். எனவே, கருவிக்கென்று தனி மின்கலம் வைத்தல் நல்லது.

மூடிய வகை 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். கருவி அரை ஆம்பியர் எடுத்துக்கொண்டால், கணக்குப்படி 14 மணி நேரம் ஓடும். ஆனால் இவ்வகை மின்கலத்தைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே, 7 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளவும். முழுதும் ஏறிய நிலையில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கும். 12 வோல்ட்டுக்கு இறங்கினால் மீண்டும் ஏற்ற வேண்டும். லித்தியம் மின்கலம் எடை குறைவு, ஆயுள் அதிகம், விலையும் அதிகம்.

சிவப்பு நேர்மின் முனைக்கு, கறுப்பு எதிர்மின் முனைக்கு. சிவப்புக் கம்பியில், மின்கலத்துக்கு அருகிலேயே ஓர் உருகி (பியூஸ்) கட்டாயம் இருக்க வேண்டும். அதன் அளவு கருவியுடன் வரும் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கும்; அதற்கு மேற்பட்டதைப் போடாதீர்கள். உப்புக்காற்றில் செப்புக்கம்பி பச்சை பூத்துவிடும். எனவே, இணைப்புகளில் வாசலின் தடவி, ரப்பர் நாடா சுற்றவும். மின்கலத்தை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, படகு கவிழ்ந்தாலும் நழுவாதபடி கட்டவும்.

ஒலியுறுப்பின் கம்பி நீளமாக இருந்தால், அதை வெட்டி ஒட்டுதல் கூடாது. மிச்சத்தைச் சுருட்டிக் கட்டி வைக்கவும். மின்கலத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டாமல், தனியாகக் கொண்டுசெல்லவும்.

முதல் நாள் செய்ய வேண்டிய அமைப்புகள்

அமைதியான காலை நேரத்தில், நீங்கள் நன்கு ஆழம் அறிந்த ஓர் இடத்துக்குச் செல்லுங்கள். ஈயக்குண்டுக் கயிறும் உடன் இருக்கட்டும். பின்வரும் வரிசையில் அமைப்புகளைச் செய்யவும்.

1. நீரின் வகையைக் 'கடல்நீர்' என்று அமைக்கவும். நல்ல நீரில் ஒலியின் வேகம் சற்றுக் குறைவு.

2. அளவை மீட்டரில் வைக்கவும். ஒரு பாகம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர். 5 பாகம் சுமார் 9 மீட்டர். 10 பாகம் 18 மீட்டர். 20 பாகம் சுமார் 37 மீட்டர். சில கருவிகளில் பாகத்துக்கு ஈடான 'பாதம்' என்ற அளவே உண்டு. உங்களுக்குப் பழகியது அதுவானால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

3. ஈயக்குண்டை இறக்கி அளந்து, கருவியின் அளவோடு ஒப்பிடவும். ஒலியுறுப்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அளவைக் கருவியில் கூட்டிக்கொள்ள வசதி உண்டு. நம் கடல் வெதுவெதுப்பானது. அதில் ஒலி சற்று வேகமாகவே செல்லும். ஆகவே, 20 மீட்டரில் அரை மீட்டர் வேறுபாடு இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை.

4. ஆழ எல்லையை முதலில் தானியங்கியாக விடவும். பழகிய பின் நீங்களே அமைக்கலாம். 18 மீட்டர் ஆழத்தில் தொழில் செய்தால் எல்லையை 25 மீட்டராக வைக்கவும். கடலடி திரையின் கீழ்ப்பகுதியில் நிற்கும். நடுநீர் முழுவதும் தெரியும்.

5. உணர்திறன்: இதைத் திரை முழுதும் மெல்லிய புள்ளிகள் தோன்றும் வரை உயர்த்தி, பிறகு புள்ளிகள் மறையும் அளவுக்கு மட்டும் குறைக்கவும். மிகக் குறைத்தால் மீன் மறைந்துபோகும். மிகக் கூட்டினால் குப்பையெல்லாம் மீனாகத் தெரியும்.

6. 'மீன் படம்' காட்டும் வசதியை நிறுத்திவிடவும். நீர்க்குமிழி, சொறிமீன், மிதக்கும் பாசி என எதிலிருந்து எதிரொலி வந்தாலும் கருவி மீன் படம் போட்டுவிடும். உண்மையான எதிரொலியையே பார்த்துப் பழகுதல் நல்லது.

7. ஆழம் குறைந்தால் மணியடிக்கும் வசதியை அமைக்கவும். இரவில் கரை திரும்பும்போது உதவும்.

திரையைப் படிக்கும் முறை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திரையில் தெரிவது இப்போதுள்ள கடலின் படம் அன்று. வலது ஓரத்தில் உள்ள கோடு மட்டுமே இந்த நொடியின் செய்தி. இடப்பக்கம் உள்ளவையெல்லாம் கடந்துபோன செய்திகள். படகு ஓடிக்கொண்டிருந்தால், திரையின் நடுவில் தெரியும் மீன்கூட்டம் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே, கூட்டத்தைக் கண்டால், அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு, நீவாட்டின் மேற்பக்கம் சென்று, நீரோட்டத்தோடு மிதந்து வரும்படி வலையையோ தூண்டிலையோ இறக்க வேண்டும்.

கடலடி: சேறு ஒலியை உறிஞ்சும், அதனால் அடிக்கோடு மங்கலாகத் தெரியும். மணலும் பாரும் ஒலியை நன்றாகத் திருப்பும்; கோடு தடித்துப் பளிச்சென்று இருக்கும். ஐயம் ஏற்பட்டால், ஆழ எல்லையை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்திப் பாருங்கள். 15 மீட்டர் ஆழத்தில் அடி கெட்டியாக இருந்தால், 30 மீட்டரில் இரண்டாவது அடிக்கோடு ஒன்று தோன்றும். ஒலி அடியில் பட்டு, நீர்மட்டத்தில் பட்டு, மீண்டும் அடிக்குச் சென்று வருவதே அதற்குக் காரணம். சேற்றில் இந்த இரண்டாவது கோடு வலுவிழந்து காணப்படும். ஈயக்குண்டில் ஒட்டிய மண் சொல்லும் செய்தியை இக்கோடு சொல்லிவிடுகிறது.

மீன்: தனி மீன் வளைந்த வில்லைப்போலத் தெரியும். ஒலி வட்டத்தின் ஓரத்தில் மீன் நுழையும்போது அதன் தூரம் சற்று அதிகம். நேர் கீழே வரும்போது குறைவு. விலகும்போது மீண்டும் அதிகம். எனவேதான் வளைவு ஏற்படுகிறது. படகு நின்று, மீனும் நின்றால், வளைவுக்குப் பதில் நீண்ட கோடாகத் தெரியும். கோட்டின் நீளத்தை வைத்து மீன் பெரியது என்று எண்ணிவிடக் கூடாது. கோட்டின் தடிப்பையே பார்க்க வேண்டும். நெத்திலி, கவலை போன்ற சிறு மீன்கள் கூட்டமாக இருந்தால் மேகம்போலத் திரளாகத் தெரியும். சங்கரா, கலவாய் போன்றவை பாரை ஒட்டி அடியிலேயே நிற்பதால், அடிக்கோட்டோடு கலந்துவிடும். அவற்றைக் காண, அடிப்பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் வசதியைப் பயன்படுத்தவும்.

மீனின் இனத்தை இக்கருவி சொல்லாது. இன்ன ஆழம், இன்ன மாதம், இன்ன அடி என்றால் இன்ன மீன் என்று சொல்வது உங்கள் அனுபவமே. வயதில் மூத்த மீனவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று திரையைக் காட்டிப் பாருங்கள். அவருடைய அறிவும் கருவியும் சேரும்போதுதான் முழுப்பயன் கிடைக்கும்.

சில கோளாறுகளும் பரிகாரமும்

படகு நிற்கும்போது நன்றாகத் தெரிந்து, ஓடும்போது படம் அறுந்தால், ஒலியுறுப்பின் கீழே குமிழி ஓடுகிறது என்று பொருள். இடத்தை மாற்றவும் அல்லது சற்றுக் கீழே இறக்கவும். எஞ்சினை நிறுத்தியதும் புள்ளிகள் மறைந்தால், அது மின் இரைச்சல். கம்பிகளைப் பிரித்துக் கட்டவும். சாய்வான புள்ளிக்கோடுகள் தோன்றினால், அருகில் வேறொரு படகின் கருவி அதே அலைவரிசையில் இயங்குகிறது. ஆழம் காட்டாமல் எண்கள் துள்ளினால், மின்கலத்தையும், பிறகு ஒலியுறுப்பின் முகத்தில் பாசியோ கொட்டலசோ பிடித்துள்ளதா என்பதையும் பார்க்கவும்.

ஏரியிலும் அணையிலும்

உள்நாட்டு விவசாயிகளுக்கும் இக்கருவி ஆழமானியாகப் பயன்படும். திண்டிவனம் வட்டார மக்கள் நன்கறிந்த வீடூர் அணையின் முழுக் கொள்ளளவே 32 அடிதான். ஏரிகளோ இதைவிட ஆழம் குறைந்தவை. இத்தகைய நீரில் மீன் தேடுவதைவிட, அடியின் அமைப்பை அறிவதே முக்கியம். ஏரியைக் குத்தகைக்கு எடுக்கும் முன், ஒரு சிறு தெப்பத்தில் கருவியை வைத்து மதகிலிருந்து எதிர்க்கரை வரை நான்கைந்து கோடுகளாகச் சென்று, பத்துப் பத்து மீட்டருக்கு ஆழத்தைக் குறித்தால், கோடையில் எங்கே நீர் தங்கும், எங்கே வண்டல் மேடிட்டுள்ளது என்பது தெரிந்துவிடும். எத்தனை குஞ்சுகள் விடலாம் என்று முடிவு செய்ய இது உதவும். நீரின் வகையை 'நல்ல நீர்' என்று மாற்ற மறக்க வேண்டாம். ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் கருவியை நம்பாமல், அளவுகோலால் அளக்கவும்.

செலவுக் கணக்கு

கருவி மீனைப் பிறப்பிக்காது. தேடும் பொழுதையும் எரிபொருளையும்தான் குறைக்கும். எனவே, மிச்சமாகும் டீசலை வைத்தே கணக்கிட வேண்டும். உதாரணமாக, கருவி, மின்கலம், குழாய் எல்லாம் சேர்ந்து ரூ.25,000 ஆகிறது என்று கொள்வோம். ஒரு பயணத்துக்கு 2 லிட்டர் டீசல் மிச்சமாகி, லிட்டர் ரூ.95 என்றால், ஒரு நாளைக்கு ரூ.190. போட்ட பணம் திரும்ப 132 பயணங்கள் ஆகும். உங்கள் ஊர் விலையைப் போட்டு, நீங்களே இக்கணக்கைச் செய்து பாருங்கள். வருடத்தில் எத்தனை நாட்கள் கடலுக்குச் செல்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படகு கரையில் நிற்கும் நாட்களை மறவாதீர்கள். கரையை ஒட்டி ஓரிரு பாகத்தில் வலை போடுவோருக்கு இக்கருவி தேவையே இல்லை. வட்டிக்குக் கடன் வாங்கித் தனியாக வாங்குவதைவிட, முதலில் இரண்டு மூன்று பங்காளிகள் கூடி ஒன்று வாங்கி, ஒரு பருவம் பழகிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

செலவில்லாத உதவி ஒன்றும் உண்டு. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழி அறிந்து, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களைத் திசை, தூரம், ஆழத்துடன் அறிவிக்கிறது. அவ்வறிவிப்பு எந்தப் பக்கம் போகலாம் என்று சொல்லும். போன இடத்தில் படகின் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கருவி சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சிக்கனம். பேரலை எச்சரிக்கையையும் அதே மையம் வெளியிடுவதால், புறப்படும் முன் அதைக் கேட்டுவிட்டுச் செல்லவும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

கருவி கீழே மட்டுமே பார்க்கும். முன்னால் வரும் பாறையையோ வலையையோ கப்பலையோ காட்டாது. திரையையே பார்த்துக்கொண்டு படகு ஓட்டுதல் ஆபத்து. உயிர்காப்புச் சட்டை எப்போதும் உடலில் இருக்க வேண்டும்.

நாள்தோறும் கரை திரும்பியதும் நல்ல நீரில் நனைத்த துணியால் திரையையும் முனைகளையும் துடைக்கவும். ஒலியுறுப்பின் முகத்தைச் சோப்பு நீரால் கழுவவும். கத்தியால் சுரண்டவோ, மண்ணெண்ணெய், தின்னர் போன்றவற்றால் துடைக்கவோ கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடைக்காலம். படகு கரையில் நிற்கும் நாட்களில் கருவியைக் கழற்றி வீட்டில் வைத்து, மாதம் ஒரு முறை மின்கலத்தை ஏற்றி வைக்கவும். ஏற்றாமல் போட்டு வைத்த மின்கலம் அடுத்த பருவத்துக்கு உதவாது.

கடைசியாக ஒன்று. ஈயக்குண்டு காலத்தில் மீனுக்கு ஒளிய இடம் இருந்தது. இன்று ஒருவர் கண்டுபிடித்த பாரை நாலு நாளில் எல்லோரும் அறிந்துவிடுகிறார்கள். பாரை ஒட்டித்தான் குஞ்சுகள் வளர்கின்றன. சிறு கண்ணி வலையை அங்கே இறக்கினால், அடுத்த வருட மீன்பாட்டை இந்த வருடமே அள்ளியதாகும். விதை நெல்லை அவித்து உண்பவர் உண்டோ? திரையில் குஞ்சுத் திரள் தெரிந்தால் விலகிச் செல்வதற்கும் இக்கருவியே துணை செய்யும். மேற்கூறிய முறைகளைக் கையாண்டு, முதலில் ஈயக்குண்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, கருவியின் சொல் மெய் என்று உறுதி செய்துகொண்ட பின்னரே அதை நம்பித் தொழிலுக்குச் செல்லவும்.